மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாயா ஆறிப்போனது

போனைச் சரஸம்மாவின் கையில் கொடுத்தது யார் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை உண்டு. நான் கொடுக்கவில்லை. என் கணவர் ராமசேஷன், தான் தொடவே இல்லை என்கிறார். மாப்பிள்ளை கார்த்திக் சிரித்துக்கொண்டே நழுவிவிடுகிறான்.

எப்படியோ, என் மகள் ஹேமாவின் முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த போன் சரஸம்மாவின் கையில் இருந்தது. சரஸம்மா எங்களுக்கு உறவில்லை. எங்கள் கரமனைப் பாலத்தடியில் லாட்டரிச் சீட்டு விற்கிற மலையாளத்துக்காரர். வீட்டுக்குள் ஆறு புகுந்துவிட்டதால் முந்தின நாள் சாயங்காலம் எங்கள் கல்யாண மண்டபத்துக்கு வந்து தங்கியிருந்தார். இப்போது மாப்பிள்ளை வீட்டார் வரிசையில், நடு நாற்காலியில், நைட்டிக்கு மேல் என் பழைய பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போனின் அந்தப் பக்கம் கார்த்திக்கின் அத்தை.

"உபசாரமெல்லாம் எப்படி? காபி நன்னா இருந்ததா?" என்று அத்தை கேட்டது எனக்கும் கேட்டது.

சரஸம்மா கையிலிருந்த பேப்பர் கப் டீயை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். "எந்து காப்பி? சாயாவாக்கும் தந்தது. அதும் ஆறிப்போச்சு" என்றார்.

போனைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

இந்தத் தொடரில் போன வாரம் டெலிபோன் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் நான்கு நாளாக மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை என்று போனில் வந்துகொண்டே இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே விடாமல் கொட்டுகிறது. டெலிபோன் ஆபீஸ் எங்கும் ஓடிப்போய்விடாது. அந்தச் சாயாவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் காபி

ஒரு கப் சாயாவுக்கு ஏன் இத்தனை பயம் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

ஹேமாவுக்கு இதற்கு முன்னால் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. நடந்தது என்று சொல்வதுகூடத் தப்பு, பாதி நடந்தது. பையனின் மாமா ஒருவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "ஆறியிருக்கு" என்றார். நான் ஓடிப்போய் வேறு காபி கொண்டுவந்தேன். அதற்குள் அவர்கள் பக்கத்தில் காதோடு காது பேச ஆரம்பித்துவிட்டார்கள். உபசாரம் போதாது, மரியாதை போதாது, பெண்ணுக்கு அம்மா வேலைக்குப் போனவள் அல்லவா என்று அது எங்கெங்கோ போயிற்று. கடைசியில், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுந்து போனார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

எங்களுக்குள் மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்வது ஒரு சடங்கு மாதிரி. சாம்பாரில் உப்பு, தலையணையில் பஞ்சு, ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெண் வீட்டார் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். ஹேமா அதற்குப் பிறகு சில வருஷம் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. அவள் அழுததை நான் பார்த்ததில்லை. ஆனால் காபி குடிப்பதை விட்டுவிட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை.

பிறகுதான் கார்த்திக் வந்தான். ஊர்க்கோடியில் உள்ள கழக்கூட்டத்தில் அவள் ஆபீசுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலி. அப்பா இல்லாத பையன். அம்மா சாது. அந்த வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

பன்னீர் செம்பு யார் பிடிப்பது

இனி என் கணவரின் கமிட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஹேமா கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் ஒரு பெரிய காற்று வந்து, எங்கள் தெருவில் ஒரு மாமரக் கிளையையும் நிறையப் பேருடைய தைரியத்தையும் முறித்துப் போட்டது. உடனே தெருவில் புயல் முன்னேற்பாட்டுக் கமிட்டி என்று ஒன்று உதயமாயிற்று. என் கணவர் செக்ரட்டரி. முதல் வேலையாகக் கையில் பிடித்துப் பேசுகிற மெகாபோன் ஒன்று வாங்கினார். சாப்பிடும்போதும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். "மோர்க்குழம்பு இன்னும் கொஞ்சம்" என்பதை ஒரு நாள் அதிலேயே சொன்னார். மூன்று வீடு தள்ளியிருந்து ஒரு மாமி கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பிறகு ஒத்திகை. சைகை கொடுத்ததும் ஒவ்வொரு வீட்டாரும் மருந்து, டார்ச், குடிதண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு தெருக்கோடியில், எங்கள் தெருவுக்குப் பொதுவான கல்யாண மண்டபத்துக்கு வர வேண்டும். வந்தார்கள். ஒரு வீட்டார் கடுகுமாங்காய் ஜாடியோடு. ஒரு வீட்டார் பூஜை வெள்ளியோடு. ஒரு தம்பதி தங்கள் கல்யாண ஆல்பத்தோடு. டார்ச் மட்டும் ஒருவரிடமும் இல்லை. ரவா கேசரி போட்டார்கள். எல்லோருக்கும் பரம திருப்தி. அடுத்த ஒத்திகை எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் கலைந்தார்கள்.

உண்மையைச் சொன்னால், எங்கள் தெருவுக்குச் சேர்ந்து செய்யத் தெரிந்தது கல்யாணம் ஒன்றுதான். எதைக் கொடுத்தாலும் அதைக் கல்யாணமாக்கிவிடுவார்கள். புயல் நேரத்தில் மண்டபத்தில் கேம்ப் போட்டால் வருகிறவர்களை வாசலில் வரவேற்க வேண்டும், அப்போது பன்னீர் செம்பு யார் பிடிப்பது, கல்கண்டுத் தட்டு யார் பிடிப்பது என்று கமிட்டியில் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம் நடந்தது. கடைசியில் ஓய்வுபெற்ற இரண்டு பேராசிரியர்களுக்கு அந்தப் பொறுப்பு கிடைத்தது.

என் கணவர் வில்லேஜ் ஆபீசுக்கும் போய், எங்கள் மண்டபத்தை எப்போது வேண்டுமானாலும் துரிதாசுவாச கேம்ப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நிவாரண முகாமுக்கு இங்கே அதுதான் பெயர். எப்போது வேண்டுமானாலும் என்பதில் எங்கள் மகளின் கல்யாணமும் அடங்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சிவப்பு எச்சரிக்கை

கார்த்திகை மாதத்தில் முகூர்த்தம் வைத்தோம். முந்தின நாள் காலையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. மத்தியானத்துக்குள் மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரம் இரண்டும் படுத்துவிட்டன. திருநெல்வேலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பஸ் மார்த்தாண்டம் வரை வந்தது. அதற்கு மேல் சாலை முழுக்க மரங்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது.

சாயங்காலம் வில்லேஜ் ஆபீசர் கூப்பிட்டார். ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, பாலத்தடி வீடுகளில் இருப்பவர்களை எங்கள் மண்டபத்துக்கு அனுப்புகிறோம் என்றார். என் கணவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்னா, என்ன சொன்னேள்?" என்றேன்.

"என்ன சொல்றது? நாமதானே எப்போ வேணும்னாலும்னு சொல்லியிருக்கோம்."

"நாமளா? நான் எப்போ சொன்னேன்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். மெகாபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவர்கள் வந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்தார்கள். வாசலில் இரண்டு பேராசிரியர்களும் கடமை தவறாமல் நின்று, அவர்கள் ஒவ்வொருவர் மேலும் பன்னீர் தெளித்தார்கள்.

"இனியும் வெள்ளமோ சாமி?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார் ஒரு அம்மாள். அவர்தான் சரஸம்மா. கல்கண்டை மட்டும் கை நிறைய அள்ளிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் பால்துரை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், டைல்ஸ் பதிக்கிற வேலை. கூட அவர் ஊர் ஆட்கள் சிலர். சமையல்காரர் மணி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "மாமி, ராத்திரிக்குக் கேம்ப் சாப்பாடா, கல்யாணச் சாப்பாடா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கோ."

"அரிசி ஒண்ணுதானே மணி. எல்லாத்தையும் போட்டுடுங்கோ" என்றேன். வந்தவர்களை அந்த நிலையில் பார்த்த பிறகு வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் உள்ளுக்குள் பற்றி எரிந்தது. என் பெண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி என்று பூஜை அறையில் நின்று ஸ்வாமியிடம் சண்டை போட்டேன்.

காலி நாற்காலிகள்

காலையில் கார்த்திக் வந்து சேர்ந்தான். கழக்கூட்டத்திலிருந்து ஒரு டிப்பர் லாரியில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். தெருவில் அதைத்தான் மாப்பிள்ளை அழைப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை வந்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார்தான் இல்லை. மேடைக்கு வலது பக்கம் அவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலி.

வீடியோ காலில் அத்தை வந்தார். படம் விட்டு விட்டு வந்தது. கார்த்திக் போனைச் சுற்றிக் காட்டினான். இடது பக்கம் எங்கள் ஜனங்கள். வலது பக்கம் வெறும் நாற்காலி.

"எங்க பக்கம் ஒருத்தர்கூட இல்லாம ஒரு கல்யாணமா? பையன் என்ன அநாதையா? வேண்டாம். தை மாசம் பாத்துக்கலாம்" என்றார் அத்தை.

பின்னாலிருந்து அவன் அம்மா, "நடக்கட்டுமே அக்கா, நான் போன்ல பாத்துக்கறேன்" என்றது மெல்லக் கேட்டது. அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தை மாசம்" என்றார் மறுபடி.

அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு அதுதான் கேட்டது. ஹேமா கூரைப்புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முன்பும் அப்படித்தான் நின்றாள். நான் தூண் மறைவுக்குப் போய், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"எந்தா சேச்சி, கரையறது?"

திரும்பினால், ஏன் அழுகிறேன் என்று கேட்டுக்கொண்டு சரஸம்மா. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். பால்துரையும் வந்து நின்று கேட்டார்.

"இத்தறயே உள்ளோ?" என்றார் சரஸம்மா. "குழப்பமில்லா. செக்கன்றெ ஆளாயிட்டு ஞங்ஙள் இருக்காம்."

இவ்வளவுதானா, பரவாயில்லை, மாப்பிள்ளையின் ஆட்களாக நாங்கள் உட்காருகிறோம் என்கிறார். நான் விழித்தேன்.

"நம்ம ஊர்ப் பையன்லா" என்றார் பால்துரை. "திருநெவேலிக்கும் சங்கரன்கோயிலுக்கும் எம்புட்டுத் தூரம்? நாங்க இருக்கோம்மா, நீங்க கவலப்படாதீங்க."

அடுத்த நிமிஷம் வலது பக்க நாற்காலிகள் நிறைய ஆரம்பித்தன. நனைந்த சட்டைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வரப்பட்டிருந்த ஒரு தாத்தா. மாமிகள் வீட்டுக்கு ஓடிப்போய் அலமாரியைத் திறந்து புடவையும் அங்கவஸ்திரமும் கொண்டுவந்து போர்த்தினார்கள். வாத்தியார் மந்திரப் புத்தகத்தை மூடிவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "சாஸ்திரத்துல இதுக்குத் தடை ஒண்ணும் ஞாபகம் வரல" என்றார்.

கார்த்திக் போனை மறுபடி சுற்றினான். "அத்தை, நம்ம பக்கம் பாருங்கோ."

"யாருடா அவாள்லாம்? முகமே தெரியலையே."

"எனக்குன்னு வந்து உக்காந்தவா அத்தை" என்றான் கார்த்திக். அதில் பொய் இல்லை.

அத்தை நம்பின மாதிரி தெரியவில்லை. "யார்கிட்டயாவது குடு போனை" என்றார். அப்போதுதான், யார் கொடுத்தார்களோ, அது சரஸம்மாவின் கைக்குப் போனது.

தீர்ப்பு

"சாயாவாக்கும் தந்தது. அதும் ஆறிப்போச்சு."

அதோடு சரஸம்மா நிற்கவில்லை. ராத்திரி தந்த தலையணை கட்டி கட்டியாக இருந்ததாம். விசிறி கேட்டு யாரும் தரவில்லையாம். வாசலில் வந்ததும் வராததுமாக மேலே தண்ணீரை ஊற்றினார்களாம். எல்லாம் உண்மை. அவர் நடிக்கவில்லை. மனதில் பட்டதை அப்படியே சொன்னார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

போனில் காற்று இரைந்தது. பிறகு அத்தையின் குரல் வந்தது. கனிந்து போயிருந்தது.

"தலகாணி கூடச் சரியில்லையா? நான் அப்பவே நெனச்சேன். விடாதீங்கோ, வேற காபி போடச் சொல்லிக் கேளுங்கோ. கார்த்திக்கிட்ட குடுங்கோ." கார்த்திக் வாங்கினான். "யாரோ எவரோன்னு பயந்தேன்டா. இவா நம்ம மனுஷாதான். நடத்தச் சொல்லு."

ஆறிப்போன காபியில் போன கல்யாணம் ஆறிப்போன சாயாவில் வந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். கொதிக்கக் கொதிக்கக் காபி கலந்து, தட்டில் வைத்து, சரஸம்மா முன்னால் குனிந்து நீட்டினேன். அப்படி மனசாரக் குனிந்தது அதற்கு முன் இல்லை.

மாலை மாற்றும்போது பால்துரைதான் மாப்பிள்ளைக்கு மாமா. டைல்ஸ் பெட்டியைத் தூக்கிப் பழகினவர், கார்த்திக்கைத் தோளில் வைத்து நிமிர்ந்தவர் நிமிர்ந்தவர்தான். ஹேமாவைத் தூக்கிய என் தம்பிக்கு இடுப்புவலி. பாதிக்கு மேல் எழும்பவில்லை. ஹேமா மாலையைக் குறிபார்த்து எறிந்தாள். முதல் தடவை அது வாத்தியார் கழுத்தில் விழுந்தது.

தாலி ஏறியது. வலது பக்கத்திலிருந்துதான் குலவைச் சத்தம் பெரிதாக வந்தது.

பந்தி நடக்கும்போது வில்லேஜ் ஆபீசர் வந்தார். மண்டபத்தில் இருந்த எல்லோரையும் கேம்ப்பில் சேர்த்து எண்ணினார். மணமக்களுக்கும் ஆளுக்கொரு பாயும், சோப்பும், ஒரு சிவப்பு பக்கெட்டும் கொடுத்தார். கல்யாணத்துக்கு வந்த முதல் பரிசு அது. அந்த பக்கெட் இன்னும் ஹேமா வீட்டில் இருக்கிறது.

சீர்

மழை விட்டது. ஆறு இறங்கியது. கேம்ப் கலைந்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். எங்கள் தெருவில் சில ஓடுகள் பறந்ததோடு சரி. பாலத்தடியில் வீட்டுக்கு வீடு கணுக்கால் அளவு சேறு. கிணற்றில் செத்த கோழி.

கமிட்டி கூடியது. என்ன உதவி செய்வது, யார் பேரில் செய்வது என்று இழுத்துக்கொண்டே போனார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவா நம்ம சம்பந்தி. கல்யாணமாகி இத்தனை நாளாச்சு, இன்னும் சீர் போகல. அது மொதல்ல போகட்டும்" என்றேன்.

சீர் என்றதும் தெரு விழித்துக்கொண்டது. கல்யாண வேலை என்றால் எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். மத்தியானத்துக்குள் தாம்பாளங்கள் வரிசையாகத் தயார். ஒன்றில் பிளீச்சிங் பவுடர், குங்குமப் பொட்டு வைத்து. ஒன்றில் துடைப்பம், பூச்சுற்றி. ஒன்றில் பினாயில், ஒன்றில் கையுறை, ஒன்றில் அடுப்புத் திரி. ஒன்றில் மட்டும் வழக்கப்படி பருப்புத்தேங்காய், ஏனென்றால் அது இல்லாமல் சீர் இல்லை. ரயில் இன்னும் ஓடாததால் நாகஸ்வரக்காரர்களும் ஊர் திரும்ப முடியாமல் மண்டபத்திலேயே இருந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று அவர்களும் கூட வந்தார்கள்.

இப்படியாக மேளதாளத்தோடு பினாயில் போனதை எங்கள் ஊர் பார்த்தது. முன்னால் மெகாபோனோடு என் கணவர். அதற்குள் வழி திறந்து வந்து சேர்ந்திருந்த அத்தையும் ஒரு தாம்பாளம் எடுத்துக்கொண்டார்.

சரஸம்மா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். "துடைப்பம் குறவாக்கும்" என்றார்.

"இன்னும் துடைப்பம் வேணும்" என்று என் கணவர் மெகாபோனில் ஆற்றங்கரை முழுக்க அறிவித்தார்.

அத்தை சரஸம்மாவை உற்றுப் பார்த்தார். குரலை அடையாளம் கண்டுகொண்டார் என்று தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்குச் சாயா நெஜமாவே ஆறித்தான் இருந்ததா?" என்று கேட்டார் அத்தை.

"பச்சவெள்ளம் போல" என்றார் சரஸம்மா. பச்சைத் தண்ணீராம்.

"அப்போ சரி" என்றார் அத்தை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

சாயங்காலம் வரை அள்ளினோம். பேராசிரியர்கள் வாளி மாற்றினார்கள். பால்துரை வீட்டுச் சுவரை ஹேமா தேய்த்துக் கழுவினாள், மஞ்சள் கயிறு முழுக்கச் சேறு. எதையோ சொல்லி கார்த்திக் அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் என் பங்கு வேலை பாதிதான் நடந்தது.

வேலை முடிந்ததும் சரஸம்மா கழுவின தரையில் பலகை போட்டு என்னை உட்கார வைத்தார். பால் கிடைக்கவில்லை என்று கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். ஹேமா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

வாழ்நாள் முழுக்க நான் பெண் வீட்டுக்காரி. எந்தக் கல்யாணத்திலும் ஒரு குறை சொன்னதில்லை. ஒரு வாய் குடித்தேன். நாக்கு பொத்துப்போனது. ஆவி கண்ணில் அடித்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆறியிருக்கு" என்றேன்.

ஹேமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரஸம்மா பெண் வீட்டார் மாதிரி கையைப் பிசைந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு, குனிந்த தலையோடு, சுடவைக்க உள்ளே போனார்.